பிலிப்பைன் தீவுகளின் ஆங்கில இலக்கியம்: தோற்றமும் தொடக்க வளர்ச்சியும்

ஒரு மொழி பிறிதொரு நாட்டைச் சென்று சேரும் வழிகள் பல. குடியேறும் மக்களுடன் அது செல்லலாம்; சமயத்தோடும் வணிகத்தோடும் மெல்ல மெல்லப் புகலாம்; அன்றேல் ஆட்சியாளர் கட்டளையினாற் பள்ளிக்கூட வாயிலாக ஒரே தலைமுறையிற் பரப்பப்படலாம். முதலிரு வழிகளில் வந்த மொழிகள் வந்த இடத்தில் வேரூன்றி இலக்கியம் பயந்தமைக்கு உலக வரலாற்றிற் சான்றுகள் மலிந்துள்ளன. மூன்றாவது வழியில் வந்த மொழியில் உயிருள்ள இலக்கியம் தோன்றுமா, தோன்றினும் அஃது அந்நாட்டு மக்களின் உடைமையாகுமா என்னும் வினாக்களுக்கு அவ்வளவு எளிதில் விடை கூறிவிட இயலாது. விடை தேடுவார்க்குப் பிலிப்பைன் தீவுகளின் ஆங்கில இலக்கியம் மிகத் தெளிவான ஓர் எடுத்துக்காட்டாகும். 1901ஆம் ஆண்டில் அத்தீவுகளின் பொதுப் பள்ளிகளில் ஆங்கிலம் போதனா மொழியாயிற்று. 1925ஆம் ஆண்டில், இன்றும் பாராட்டப்படும் ஓர் ஆங்கிலச் சிறுகதை அங்கே வெளிவந்தது. 1940ஆம் ஆண்டில் அரசாங்கமே ஆங்கில நூல்களுக்குப் பரிசில் வழங்கும் நிலை உண்டாயிற்று. நாற்பது ஆண்டுகளுள் நிகழ்ந்த இவ்வளர்ச்சியை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இவ்வளர்ச்சியைப் பற்றி எழுதுவோர் அதனைப் படிநிலைகளாகப் பகுத்துக் கூறுதல் வழக்கம். முதலிற் போன்மைக் காலம். அதன்பின் பயிற்சிக் காலம். அதன்பின் முதிர்ச்சிக் காலம் என்பர். இப்பகுப்பு மாணவர் நினைவிற் கொள்வதற்கு வாய்ப்பானதே. ஆயினும், எழுத்தாளர் ஆங்கில இலக்கணத்திற் பெற்ற தேர்ச்சியும் இலக்கியத்தின் வளர்ச்சியும் ஒன்றேயெனும் மயக்கத்தை அது விளைவிக்கின்றது. பிழையற எழுதியவர் யாவரும் இலக்கியம் படைத்துவிடவில்லை. ஆங்கிலேயரைப் போல் எழுதும் ஆசையை விட்டவரே பெரும்பாலும் நின்று நிலைக்கும் ஆக்கங்களைத் தந்தனர். ஆதலின், இவர்கள் எத்துணைச் செம்மையாக எழுதினர் என்று மட்டும் பாராது, எப்பொருளை, யாரை முன்னிறுத்தி எழுதினர் என நோக்குதலே பொருத்தமுடைத்து.

பிலிப்பைன் தீவுகள் 1565 முதல் 1898 வரை இசுப்பானியர் ஆட்சியில் இருந்தன. அந்நெடுங்காலத்திலும் இசுப்பானிய மொழி குடிமக்கள் யாவரிடத்தும் பரவவில்லை. கற்ற சிறுபான்மையினரிடையே தங்கிற்று. அச்சிறுபான்மையினருள் ஒருவராகிய ஹோசே றிசால் 1887இல் பேர்லினிலும் 1891இல் கெந்து நகரிலும் வெளியிட்ட இரு நாவல்களும் இசுப்பானிய மொழியிலேயே எழுதப்பட்டன. துறவியராட்சியின் கொடுமையை எடுத்துரைத்த அந்நாவல்களாற் பகைமை தேடிக்கொண்ட அவர், 1896 டிசெம்பர் 30ஆம் நாள் மணிலாவிற் சுட்டுக் கொல்லப்பட்டார். தகாலோக்கு மொழியிலோ பிரான்சிஸ்கோ பல்தசார் 1838இல் இயற்றிய புளோரந்தே, லௌரா என்னும் காதலரின் கதைப்பாட்டு மக்கள் நாவில் வழங்கி வந்தது. ஆகவே, அமெரிக்கர் வந்தபோது அந்நாடு இலக்கியமற்ற வெறுநிலமாய்க் கிடந்ததில்லை. தாய்மொழியிற் பாட்டும் கூத்தும், இசுப்பானிய மொழியில் நாவலும் அரசியலுரையும் ஏலவே இருந்தன. ஆங்கிலம் மூன்றாவதாக வந்து சேர்ந்த மொழி என்பதை மறத்தலாகாது.

1898 டிசெம்பர் 10ஆம் நாள் பாரிசில் எழுதப்பட்ட உடன்படிக்கையின்படி, இரண்டு கோடி டொலர் பெற்றுக்கொண்டு இசுப்பானியா அத்தீவுகளை அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குக் கையளித்தது. விடுதலை பெற்றுவிட்டதாகக் கருதியிருந்த பிலிப்பைன் மக்கள் இதற்கு இசைந்திலர். 1899இல் மூண்ட போர் 1902 வரை நீடித்தது. குடியரசுத் தலைவராயிருந்த எமிலியோ அகினால்டோ 1901 மார்ச்சு மாதத்திற் சிறைப்பட்டார். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் தோமஸ் என்னும் படைக்கப்பல் ஐந்நூறு பேர் வரையிலான அமெரிக்க ஆசிரியரை மணிலாத் துறையில் இறக்கிற்று. அக்கப்பலின் பெயராலேயே அவ்வாசிரியர் தோமசையர் என அழைக்கப்படலாயினர். படைவீரர் பின்னே பாடநூல் ஏந்திய ஆசிரியர் வந்த இந்நிகழ்ச்சி, பின்னெழுந்த இலக்கியத்தின் பிறப்புரிமைச் சீட்டிலேயே பொறிக்கப்பட்டதொன்றாம். அவருட் பலர் கடமையுணர்வும் அன்பும் மிக்கவராய்த் தொலைவான ஊர்களிற் பணியாற்றினர். அவருடைய நற்குணம் வேறு. அவரை அனுப்பியோரின் நோக்கம் வேறு. இரண்டனையும் கலந்து ஒன்றைப் புகழ்தலோ ஒன்றை இகழ்தலோ நடுவுநிலைமையாகாது.

1901 ஜனவரியில் இயற்றப்பட்ட 74ஆம் இலக்கச் சட்டம் பொதுக் கல்வித் திணைக்களத்தை நிறுவி ஆங்கிலத்தைப் போதனா மொழியாக்கிற்று. அவ்வாண்டிலேயே மணிலாவில் ஆசிரிய கலாசாலை தொடங்கப்பட்டது. 1903ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் அரசாங்கச் செலவில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர். கலிபோர்ணியாவிலுள்ள பேர்க்கிலியில் இம்மாணவர் 1905இல் தமக்கெனச் சஞ்சிகை ஒன்று நடத்தினர். அதிலே தம் நாட்டவர் எழுதிய முதல் ஆங்கிலச் செய்யுட்கள் சில இடம்பெற்றன. 1908இல் பிலிப்பைன் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1910இல் அதன் மாணவர் கொலிஜ் போலியோ என்னும் ஏட்டை வெளியிட்டனர். இவ்வாறு ஆசிரியர், பாடநூல், பல்கலைக்கழகம், மாணவர் ஏடு என்னும் நான்கு தூண்களின்மேல் இவ்விலக்கியம் எழுந்தது. பள்ளிக்கூடத்தின் மடியிற் பிறந்து வளர்ந்த இலக்கியம் இதுவென்பதை இதனின் மிகுத்துக் காட்ட வேண்டியதில்லை.

பள்ளிக்கூடம் தந்த நன்மையோடு அதன் குறையும் கூடவே வந்தது. லோங்பெலோவின் நெடும்பாட்டுக்களையும் உவாசிங்டன் இர்விங்கின் உரைநடையையும் மனப்பாடம் செய்த இளைஞர், எழுதத் தொடங்கியபோது அவற்றின் நிழலிலேயே நின்றெழுதினர். பெர்னாண்டோ மராமாக் முதலியோர் யாத்த தொடக்ககாலச் செய்யுட்களில் ஓசை ஒழுங்கும் சொற்றூய்மையும் உள; ஆயின் அவற்றின் காதலும் துயரும் பெரும்பாலும் ஏட்டிலிருந்து பெறப்பட்டனவாகவே தோன்றுகின்றன. இவற்றை இகழ்வது எம் கருத்தன்று. பிறர் மொழியிற் பாடப் புகுவோன் முதலிற் பிறர் குரலிற் பாடுதல் இயல்பே.

இன்னொரு குறை இதனினும் ஆழமானது. ஆங்கிலத்தில் இவ்விளஞ் செய்யுட்கள் எழுந்த காலத்தில் தகாலோக்கு மொழியில் நிகழ்ந்தது யாது என நோக்குவாம். 1903இல் ஒளரேலியோ தொலெந்தினோ இயற்றிய ‘நேற்று, இன்று, நாளை’ என்னும் நாடகம் மணிலாவில் அரங்கேறியது. அந்நிய ஆட்சியை உருவகமாக எதிர்த்த அந்நாடகத்துக்காக ஆசிரியர் கைதுசெய்யப்பட்டுச் சிறைத்தண்டனை பெற்றார். லோப்பே சந்தோஸ் 1906இல் நூலாக வெளியிட்ட நாவல் தொழிலாளர் துயரையும் சமவுடைமைக் கொள்கையையும் விரித்துப் பேசிற்று. நாட்டின் கோபமும் வேட்கையும் தாய்மொழியிற் குமுறிக்கொண்டிருக்க, ஆங்கிலத்தில் எழுதியவர் நிலவையும் நங்கையரையும் பாடிக்கொண்டிருந்தனர். ஆங்கிலம் ஆசிரியரின் மொழி, மதிப்பெண்ணின் மொழி, உத்தியோகத்தின் மொழி. அம்மொழியிற் சினத்தல் எவ்வாறென்பதை ஒருவரும் கற்பித்திலர். அரசியல் துறந்த மென்மை இவ்விலக்கியத்தின் முதற் கால் நூற்றாண்டிலே காணப்படுவதற்கு இதுவே தலையாய காரணம் என்பது எம் துணிபு.

ஆங்கிலத்தில் அந்நாட்டவர் எழுதிய முதல் நாவல் 1921இல் வெளிவந்தது. சோய்லோ கலாங் எழுதிய அந்நாவலின் பெயர் ‘துயரத்தின் குழந்தை’ எனப் பொருள்படும். காதலர் பிரிவும் செல்வரின் சூழ்ச்சியும் கண்ணீரும் நிரம்பிய அதன் கதைப்போக்கு பழைய கதைப்பாட்டுக்களின் போக்கை ஒத்தது. மொழி மாறினும் கதை மாறவில்லை. கலைப் பண்பால் உயர்ந்ததன்றாயினும் இந்நாவல் ஓர் உண்மையை உணர்த்துகின்றது. பள்ளிக்கூடம் கற்பித்தவற்றின் கீழே பாட்டி சொன்ன கதையின் கட்டுக்கோப்பு அழியாது கிடந்தது. அதனை அறிந்து பயன்படுத்தும் ஆற்றல் இன்னும் வரவில்லை, அவ்வளவே.

அவ்வாற்றலை முதலிற் காட்டியவர் பாஸ் மார்க்கெஸ் பெனித்தெஸ் என்னும் அம்மையார். 1894இற் பிறந்த இவர் அமெரிக்கப் பள்ளிமுறையிற் கல்வி பெற்ற முதற் தலைமுறையைச் சேர்ந்தவர். பிலிப்பைன் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று அங்கேயே சிறுகதைக் கலையைக் கற்பித்தவர். 1925இல் ஹெறல்ட் பத்திரிகையில் வெளிவந்த இவருடைய ‘இறந்த விண்மீன்கள்’ என்னும் சிறுகதையே பிலிப்பைன் ஆங்கிலச் சிறுகதையின் தொடக்கம் எனத் திறனாய்வாளர் பெரும்பாலும் உடன்படுவர்.

அதன் கதைப்பொருள் சுருக்கமானது. ஆல்பிரெடோ சலசார் என்னும் வழக்கறிஞன் எஸ்பெரான்சா என்பவளுக்கு நிச்சயிக்கப்பட்டவன். அயல்வீட்டு நீதிபதியின் மனைவிக்குத் தங்கையாகிய ஜூலியா விருந்தினளாய் வருகின்றாள். அவளிடத்தில் அவன் மனம் செல்கின்றது. ஆயினும் கொடுத்த வாக்கின் கட்டுப்பாடும் ஊராரின் எதிர்பார்ப்பும் அவனை எஸ்பெரான்சாவுடன் மணம் புரியச் செய்கின்றன. எட்டாண்டுகள் சென்றபின், அலுவலொன்றின் பொருட்டு ஏரிக்கரையிலுள்ள ஜூலியாவின் ஊருக்குச் செல்ல நேர்கின்றது. இன்னும் மணமாகாதிருக்கும் அவளைக் காண்கின்றான். இத்தனை காலமும் தன் நெஞ்சில் ஒளிர்ந்த காதல் எப்போதோ அணைந்துபோனதென்பதை அப்போது உணர்கின்றான். அழிந்த விண்மீனின் ஒளி நெடுங்காலம் கடந்து வந்து கண்ணிற் படுதல் போல, இல்லாத ஒன்றன் ஒளியையே அவன் கண்டு வந்தானாம்.

இக்கதையின் ஆங்கிலம் சிற்சில இடங்களில் அணிமிகுந்து கனக்கின்றது என்பது உண்மை. ஆயினும் கதையின் வலிமை அணியில் இல்லை. நாகரிகத்தின் பெயரால் மாந்தர் சொல்லாது விடுவனவற்றில் உள்ளது. புனித வாரத்து ஊர்வலத்தில் மெழுகுதிரிகளின் நடுவே ஆல்பிரெடோவும் ஜூலியாவும் பேசும் பேச்சிற் காதல் என்னும் சொல்லுக்கு இடமேயில்லை. வாழ்த்துக் கூறலும் கடமை பற்றிய உரையுமே நிகழ்கின்றன. எஸ்பெரான்சாவோ கடிந்து பேசும்போதும் ஒழுக்கநெறியின் வழக்கறிஞராகவே பேசுகின்றாள். ஒருவரும் தீயவரல்லர், ஆயினும் மூவரின் வாழ்வும் வீணாகின்றது. இத்தகைய துயரைக் கலாங்கின் நாவல் அறியாது. அங்கே துயர் விளைப்பதற்கு ஒரு கொடியவன் வேண்டும். இங்கே பண்பாடே அதனைச் செய்கின்றது. கத்தோலிக்கச் சடங்கும் இசுப்பானிய மரியாதையும் கிழக்கு நாட்டுக் குடும்பக் கட்டுப்பாடும் பின்னிய ஒரு சமுதாயத்தை அதனுள் வாழ்ந்தாரன்றிப் பிறர் இவ்வாறு எழுதுதல் இயலாது. மொழி இரவலாக இருக்கலாம், அறிவு இரவலன்று. அழிந்த விண்மீன் என்னும் படிமத்தை நாட்டுக்கும் பொருத்திப் பார்க்கும் திறனாய்வாளர் உளர். இசுப்பானியக் காலத்து நாகரிகத்தின் கடைசி ஒளியே கதையில் வீசுகின்றது என்பர். அது மிகைபட்ட உரையன்று.

இதன்பின் சிறுகதை பெருகிற்று. இரண்டாண்டு கழித்து 1927இல் பெனித்தெஸ் அம்மையாரே காதற் கதைகளின் தொகுதியொன்றைப் பதிப்பித்தார். அதே ஆண்டிற் பல்கலைக்கழக எழுத்தாளர் கழகம் தோன்றி, ‘இலக்கிய மாணாக்கன்’ எனப் பொருள்படும் பெயருடைய ஏட்டை நடத்தலாயிற்று. ப்றீ பிறெஸ் வார இதழ் சிறந்த கதைக்குப் பரிசில் வழங்கிற்று. நாவல் பின்தங்கிச் சிறுகதை முன்சென்றமைக்குக் காரணம் வெளிப்படை. நாவலுக்கு நூல் வாங்கும் மக்கட்கூட்டம் வேண்டும். சிறுகதைக்கோ பத்திரிகையின் ஒரு பக்கம் போதும். ஆங்கிலம் அறிந்தார் தொகை சுருங்கியிருந்த நாட்டில், பகலில் ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ பணியாற்றி இரவில் எழுதியோர்க்குச் சிறுகதையே கைக்கெட்டிய வடிவமாயிற்று. அமெரிக்காவில் எட்வேட் ஓ'பிறையன் ஆண்டுதோறும் தொகுத்த சிறந்த கதைத் தொகுதிகள் அவர்களுக்கு உரைகல்லாயின.

அவ்வுரைகல்லிற் பொன்னென மதிக்கப்பட்ட முதல் எழுத்தாளர் ஹோசே கார்சியா வில்லா. 1908இல் மணிலாவிற் பிறந்த இவருடைய தந்தை, அமெரிக்கரை எதிர்த்துப் போரிட்ட அகினால்டோவின் மருத்துவராய் உடனிருந்தவர். மகனோ அமெரிக்கரின் மொழியிலே புகழ் தேடினார். இம்மாற்றத்துக்கு ஒரு தலைமுறைக் காலமே போதியதாயிருந்தது. 1929இல் இவர் வெளியிட்ட ‘ஆடவன் பாடல்கள்’ ஆபாசமானவை எனக் குற்றம் சாட்டப்பட்டன. பல்கலைக்கழகம் இவரை இடைநிறுத்தியது. அதே ஆண்டில் ப்றீ பிறெஸ் இதழின் 1000 பீசோப் பரிசில் இவருடைய கதைக்குக் கிடைத்தது. அப்பணத்தைக் கொண்டு அமெரிக்கா சென்றார். 1932ஆம் ஆண்டுத் தொகுதியை ஓ'பிறையன் இவருக்கே உரிமையாக்கினார். 1933இல் ‘இளமைக்கு ஓர் அடிக்குறிப்பு’ என்னும் கதைத் தொகுதி நியூயோர்க்கில் வெளிவந்தது.

அத்தொகுதியின் பெயர்க்கதை படிக்கத்தக்கது. தொதோங் என்னும் பதினேழு வயது உழவன் தேயாங் என்னும் பெண்ணை மணக்க விரும்புகின்றான். தந்தை மனமின்றி இசைகின்றார். ஆண்டுகள் செல்ல, குழந்தைகள் பலவாகி, இளமைக் கனவுகள் யாவும் தேய்ந்தபின், அவன் மகன் பதினெட்டு வயதில் அதே வேண்டுகோளுடன் வந்து நிற்கின்றான். தடுக்க வேண்டுமென உள்ளம் துடித்தும் தடுக்க இயலாதவனாய்த் தந்தை இசைகின்றான். சிறு சிறு வாக்கியங்களாலேயே ஒரு வாழ்வின் வட்டம் முழுவதும் வரையப்படுகின்றது. உழவனின் சிந்தனை எவ்வளவோ அவ்வளவே சொல். கனத்த அணிகளை உதறியெறிந்து ஆங்கில உரைநடையை எளிமையாக்கிய பெருமை வில்லாவுக்கு உரியது.

பின்னாளில் வில்லா கதையை விட்டுக் கவிதைக்கே தம்மை ஒப்படைத்தார். 1942இல் வெளிவந்த தொகுதியில் மெய்யொலிகளை முன்பின்னாக மாற்றியமைக்கும் புதுவகை இயைபொன்றைக் கையாண்டார். 1949இல் ஒவ்வொரு சொல்லின் பின்னும் காற்புள்ளியிட்ட செய்யுட்களை வெளியிட்டார். இங்கிலாந்துப் பெண்கவி ஈடித் சிற்வெல் இவரை வியந்து பாராட்டினார். ஆயின் அச்செய்யுட்களில் நெல்வயல் இல்லை, மழையில்லை, ஊரில்லை. கவிஞனும் கடவுளும் தனித்து நின்று வழக்காடும் வெறுவெளியே உள்ளது. 1973இல் அவரைத் தேசியக் கலைஞராக நாடு சிறப்பித்தது. 1997இல் நியூயோர்க்கில் அவர் உயிர் நீத்தார்.

வில்லாவுக்கு எதிர்முனையில் வைத்து நோக்கத்தக்கவர் மனுவெல் ஆர்கிலியா. லா ஊனியோன் மாகாணத்தில் நக்ரெப்கான் என்னும் சிற்றூரில் 1911இற் பிறந்தவர். தாய்மொழி இலோக்கானோ. 1940இல் வெளியான இவருடைய கதைத் தொகுதியின் முதன்மைக் கதை, அண்ணன் லியோன் நகரத்திலிருந்து மனைவியை அழைத்து வருதலைக் கூறுவது. கதை சொல்பவன் தம்பி பால்தோ. மாட்டுவண்டியுடன் அவர்களை எதிர்கொள்ள வந்த அவன், தந்தையின் ஆணைப்படி பெருந்தெருவைத் தவிர்த்து, வறண்ட ஆற்றுப்படுகையினூடாகவும் வயல்களினூடாகவும் வண்டியைச் செலுத்துகின்றான். நகரத்து மருமகள் மரியா நாட்டுப்புற வாழ்வைத் தாங்குவாளா என்று அறியத் தந்தை வைத்த சோதனை அது. தந்தைக்குத் தன்னைப் பிடியாது போய்விடுமோ என மரியா வழியில் அஞ்சுகின்றாள். வீடு சேர்ந்தபின், லாபாங் என்னும் பெருங்காளையைக் கண்டு அவள் அஞ்சினாளா எனத் தந்தை வினவ, அஞ்சவில்லை எனச் சிறுவன் விடை பகர்கின்றான்.

நம் முன்னோர் வகுத்த முதல், கரு, உரி என்னும் பாகுபாட்டை இக்கதைக்குப் பொருத்திப் பார்த்தல் பயனுடைத்து. தொடக்ககாலச் செய்யுட்களில் உரிப்பொருள் மட்டும் இருந்தது. அதற்கு நிலமும் பொழுதும் இல்லை. ஆர்கிலியாவிடத்தில் முதற்பொருளாகிய நிலமும் மாலைப் பொழுதும், கருப்பொருளாகிய காளையும் வண்டியும் வறண்ட ஆறும் அறுவடைப் பாட்டும் ஒன்றுகூடி உரிப்பொருளைத் தாமே புலப்படுத்துகின்றன. அண்ணியின் நறுமணத்தைச் சிறுவன் பப்பாளிப் பூவோடு ஒப்பிட்டே அறிகின்றான். வேறு உவமை அவன் அறியான். காளையின் வளைந்த கொம்புகளை மரியா நோக்கியதும், அண்ணன் அவளை அணைத்துக்கொண்டதும் விடை பகரும்போது அவன் நினைவில் எழுகின்றன. எழுந்தும் அஞ்சவில்லை என்றே சொல்கின்றான். அது வெறும் செய்தியன்று. அவளைத் தன் குடும்பத்தில் ஏற்றுக்கொண்ட சிறுவனின் தீர்ப்பு. இதனை ஆசிரியர் ஒரு சொல்லாலும் விளக்கவில்லை.

மொழிநடையிலும் ஆர்கிலியா புதுவழி வகுத்தார். அவருடைய மாந்தர் பேசுவது ஆங்கிலமாயினும் அதனடியில் இலோக்கானோப் பேச்சின் முறைமையும் மரியாதையும் ஓடுகின்றன. மூத்தோனை விளிக்கும் சொல்லை அவர் மொழிபெயர்க்காது அவ்வாறே வைக்கின்றார். ஆங்கிலத்தை ஆங்கிலேயர் போல் எழுதும் முயற்சி ஈண்டு முடிவுற்று, தம்மூரார் பேசுமாறு ஆங்கிலத்தைப் பேசவைக்கும் முயற்சி தொடங்குகின்றது. எம் கருத்தின்படி பிலிப்பைன் ஆங்கில இலக்கியம் தன் காலில் நின்றது இவ்விடத்திலேயே.

இவ்விரு போக்குகளுக்கும் இடையே எழுந்த வாதம் அக்காலத்துத் திறனாய்வின் உச்சம் எனலாம். 1939இல் பிலிப்பைன் எழுத்தாளர் சங்கம் நிறுவப்பட்டது. அதன் முன்னணியில் நின்ற சல்வடோர் லோப்பெஸ் 1940இல் ‘இலக்கியமும் சமுதாயமும்’ என்னும் கட்டுரை நூலை வெளியிட்டார். பட்டினியும் அநீதியும் நிறைந்த நாட்டில் எழுத்தாளன் சமுதாயக் கடனை மறந்து அழகில் மட்டும் திளைத்தல் தகாது என்பது அவர் கொள்கை. வில்லாவின் கவிதையை அவர் வன்மையாகக் கண்டித்தார். கலை தனக்கெனவே வாழ்வது என்பது வில்லாவின் கொள்கை. பொதுநலவாய அரசின் தலைவர் மனுவெல் கேசோன் ஆதரவில் 1940இல் நடைபெற்ற இலக்கியப் போட்டியில் லோப்பெசின் கட்டுரை நூலும், ஆர்கிலியாவின் கதைத் தொகுதியும், சுலுவெற்றா டா கொஸ்தாவின் கவிதையும், ஹுவான் லாயாவின் நாவலும் ஆங்கிலப் பிரிவிற் பரிசில் பெற்றன.

இவ்வாதத்தில் எப்பக்கம் சார்வது? லோப்பெஸ் கூறியதன் அடிப்படை நியாயமானது. மேலே காட்டியவாறு, ஆங்கிலத்தில் எழுதியவர் நாட்டின் துயருக்குச் செவிகொடாதிருந்த குறையை அவர் சரியாகவே கண்டார். ஆயின் பரிகாரம் கூறியவிடத்து அவர் ஒன்றைக் காணத் தவறினார். வில்லாவின் உழவன் கதை அறிவுரை எதனையும் கூறாமலே வறுமையின் வட்டத்தைக் காட்டுகின்றது. ஆர்கிலியா உழவர் கிளர்ச்சி பற்றியும் நகரத் தொழிலாளர் பற்றியும் எழுதிய கதைகள் அவருடைய நாட்டுப்புறக் கதைகளின் உயிர்ப்பைப் பெறவில்லை. கொள்கை முன்னே சென்று மாந்தர் பின்னே வருகின்றனர். ஆகவே, சமுதாயக் கடன் எழுத்தாளனுக்கு உண்டு என்பதை ஏற்கின்றோம். அக்கடனைத் தீர்க்கும் நாணயம் மாந்தரை உள்ளவாறு அறிதலே எனவும் சேர்த்துக் கூறுகின்றோம். வில்லாவைப் பயனற்றவரெனத் தள்ளுதல் முறையன்று. அவர் ஒழுங்குபடுத்திய உரைநடை பின்வந்தோர் யாவர்க்கும் உதவியது.

இனி, இவ்விலக்கியத்தை யார் படித்தனர் என்னும் வினா எஞ்சுகின்றது. 1925இல் பேராசிரியர் போல் மன்றோ தலைமையிற் கல்வி நிலையை ஆராய்ந்த குழு, பெரும்பாலான பிள்ளைகள் தொடக்க வகுப்புக்களிலேயே பள்ளியை விட்டு நீங்குவதையும், அன்னார் கற்ற ஆங்கிலம் நிலைக்காமையையும் எடுத்துக் காட்டிற்று. 1939ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி ஆங்கிலம் பேச வல்லோர் மக்கட்டொகையில் நான்கில் ஒரு பங்கினர் அளவினர். இஃது இசுப்பானியம் முந்நூறாண்டுகளில் எய்தாத பரப்பு. எனினும் கதையைச் சுவைத்துப் படிக்க வல்லார் அதனினும் மிகச் சிலரே. ஆர்கிலியாவின் பால்தோவும் அவன் தந்தையும் தம்மைப் பற்றிய அக்கதையைப் படித்தறியார். றிசாலின் நாவல்களையோ ஆங்கிலம் கற்ற புதுத் தலைமுறையினர் மூலமொழியிற் படிக்கும் ஆற்றலை இழந்துகொண்டிருந்தனர். ஒரு மொழியின் வாயில் திறந்தபோது மற்றொரு மொழியின் வாயில் அடைபட்டது. பாட்டன் எழுதியதைப் பேரன் மொழிபெயர்ப்பிற் படிக்கும் நிலை எந்நாட்டுக்கும் பெருமை தருவதன்று. 1937இல் தகாலோக்கு மொழி தேசிய மொழியின் அடிப்படையாகத் தெரிவு செய்யப்பட்டமை இவ்விழப்பை உணர்ந்ததன் அடையாளமாம்.

1942 முதல் 1945 வரை நீடித்த யப்பானியர் ஆட்சி இத்தொடக்க காலத்தை முடித்து வைத்தது. ஆங்கில எழுத்து ஒடுக்கப்பட்டது. மறைமுக எதிர்ப்பியக்கத்திற் பங்குகொண்ட ஆர்கிலியா 1944இல் யப்பானியராற் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்துமூன்று. 1946 ஜூலை 4ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. அதே ஆண்டில், அமெரிக்காவிற் கூலியாளாய் உழன்ற கார்லோஸ் புலோசான் தம் இனத்தவர் பட்ட அவமதிப்பை ‘அமெரிக்கா நெஞ்சில் உள்ளது’ என்னும் நூலில் எழுதி வெளியிட்டார். பள்ளிக்கூடம் கற்பிக்காத சினத்தை ஆங்கிலம் கடைசியில் வயல்களிலும் மீன் அடைக்கும் தொழிற்சாலைகளிலும் கற்றுக்கொண்டது. நிக் ஹுவாக்கின், கொன்சாலெஸ் முதலியோர் பிற்காலத்து அவ்வழியை அகலமாக்கினர்.

ஒரு நாட்டின் இலக்கியத்தை மதிப்பிட மூன்று அளவுகோல்கள் போதும் என நினைக்கின்றோம். அது தன் மக்கள் வாழ்வை உள்ளவாறு கூறுகின்றதா? அம்மக்கள் செவியில் அது விழுகின்றதா? பின்வருவோர்க்கு அது வழிவிட்டுச் செல்கின்றதா? முதற்கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் 1901 முதல் 1941 வரையுள்ள பிலிப்பைன் ஆங்கில இலக்கியம் ஐயமின்றி ஆம் எனக் கூறும். இரண்டாம் கேள்விக்கு அதனால் அரைகுறையாகவே விடை கூற முடியும். அக்குறை எழுத்தாளர் குறையன்று. மொழி வந்த வழியின் குறை. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பு பிலிப்பினோவையும் ஆங்கிலத்தையும் ஒருங்கே ஆட்சிமொழிகளாக ஏற்றமை, எய்திய பேற்றைக் கைவிடாமலே இழந்ததை மீட்க அந்நாடு முயல்வதைக் காட்டுகின்றது.

ஆகவே இவ்விலக்கியத்தைக் கற்கப் புகும் மாணவர்க்கு ஒன்று கூறி அமைவாம். பெனித்தெஸ் அம்மையாரையும் வில்லாவையும் ஆர்கிலியாவையும் படிக்குங்கால், அதே ஆண்டுகளில் அந்நாட்டுத் தாய்மொழிகளில் எழுந்தவற்றையும் மொழிபெயர்ப்பிலேனும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும். ஒன்றிலே பேசப்பட்டதும் மற்றொன்றிலே பேசப்படாததும் சேர்ந்தே அம்மக்களின் முழு வரலாறாகும்.